முதல் நிறுத்தம் மரக்காணம்

சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் கடலோரமாகவே காரில் போய்வருவது என்று முடிவானதும் பார்க்கிறவர்களெல்லாம் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். "முதல் நாளே நாகப்பட்டினத்தைத் தாண்டிடுங்க." விடிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு சிதம்பரத்தில், ராத்திரி வேளாங்கண்ணியில் என்று கணக்கே போட்டுக் கொடுத்தார்கள். நான் போட்ட கணக்கு வேறு. முதல் ராத்திரி தங்கல் மரக்காணம். சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்.

"இதுக்கு எதுக்குங்க ராத்திரி தங்கணும்? ஒரு டீ குடிச்சுட்டுப் போயிடலாமே" என்று மனைவி கேட்டாள். அங்கே என் நண்பன் இருக்கிறான். வேதியியல் படித்த காலத்தில் விடுதியில் ஒரே அறை, ஒரே பக்கெட், ஒரே சைக்கிள். படிப்பு முடிந்த பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டதெல்லாம் கல்யாண மண்டபங்களிலும் துக்க வீடுகளிலும்தான். மண்டபத்தில் என்ன பேச முடியும்? கையில் மொய்க் கவர், பந்தியில் இடம் பிடிக்கும் அவசரம். "எப்படிடா இருக்க?" "இருக்கேன்டா." ஒரு போட்டோ. அவ்வளவுதான், அடுத்த கல்யாணம் வரைக்கும்.

அவன் என்ன செய்கிறான் என்று கேட்டால் "உப்பளம் வெச்சிருக்கான்" என்று சொல்லத் தெரியும். அவனுடைய நாள் எப்படி விடிகிறது, எதை நினைத்துத் தூக்கம் கெடுகிறது, எதில் அவன் கெட்டிக்காரன் என்று ஒன்றும் தெரியாது. ஒருவரை அவர் தொழில் செய்கிற இடத்தில் பார்க்காமல் அவரைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இப்போதெல்லாம் மனசு வருவதில்லை. பயணத்தின் கடைசியில் அவனைப் பார்க்கலாம் என்று வைத்தால் உடம்பு அலுத்திருக்கும், மனசு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால்தான் முதல் நிறுத்தம்.

மாமல்லபுரம் தாண்டுகிற வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை சென்னையின் நீட்சிதான். கல்பாக்கமும் பாலாற்றுப் பாலமும் கழிந்த பிறகுதான் காற்று மாறுகிறது. முதலியார்குப்பத்தில் படகுத்துறை, அப்புறம் கடப்பாக்கத்துப் பக்கம் ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்துக் கோட்டை அது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். அந்தத் துறையிலிருந்து ஜரிகைத் துணியோடும் நெய்யோடும் உப்பும் கப்பலேறியிருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சாலையோரம் வெள்ளைக் குவியல்கள் தெரிய ஆரம்பித்தன. சிலதுக்கு மேல் பனையோலை, சிலதுக்குத் தார்ப்பாய். தமிழ்நாட்டில் உப்பு என்றால் முதலில் தூத்துக்குடி, பிறகு வேதாரண்யம், அடுத்ததாக மரக்காணம்.

வீட்டு வாசலில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். விடுதிக்கு எங்களுக்காகக் கருவாடு கட்டி அனுப்பிய அம்மா. "வா தம்பி, தலையெல்லாம் நரைச்சுப் போச்சே" என்று கன்னத்தைத் தடவினார். ராத்திரிக்கு மடவை மீன் குழம்பு. மடவை கழிமுகத்து மீன். உப்புத் தண்ணீரிலும் பிழைக்கும், நல்ல தண்ணீரிலும் பிழைக்கும். குழம்பு கெட்டியாக, மாங்காய் போட்டு, புளி குறைத்து வைத்திருந்தார்கள். "அண்ணே, இன்னும் ரெண்டு துண்டு" என்று நண்பனின் மனைவி இலையைக் காலியாக விடவில்லை. என் மனைவியை "அண்ணி" என்று ஒட்டிக்கொண்டு அடுக்களைக்கே கூட்டிப் போய்விட்டார். நாங்கள் திண்ணையில் பழைய கதை பேச உட்கார்ந்தோம். அவன் ஒன்பது மணிக்கே எழுந்துவிட்டான். "மூணு மணிக்கு எழுப்புவேன். வர்றியா, தூங்கறியா?"

அதற்குத்தானே வந்திருக்கிறேன்.

இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடந்தோம். பங்குனி மாசம். காற்று ஈரமாக, லேசாகக் கசந்தது. இடது கைப்பக்கம் பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாகக் கடலோரமாகவே வருகிற அந்தக் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. ஒரு காலத்தில் அதில் படகு ஓடியது, விறகும் உப்பும் போயின. இப்போது அதிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கிறார்கள்.

மார்கழியோடு மழை ஓய்ந்து, பொங்கல் கழிந்ததும் வேலை தொடங்கும் என்றான். மழைத் தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி, வரப்பைப் பூசி, பாத்தி மண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். மண் இறுகாவிட்டால் தண்ணீர் கீழே குடித்துப்போகும், உப்பிலும் சேறு ஏறும். இந்த மிதி வேலை மட்டும் வாரக்கணக்கில் நடக்குமாம். உப்பு கண்ணில் படுவதற்கு முன்னால் இத்தனை கூலி மண்ணுக்குள் போகிறது.

தண்ணீர் நேரே பாத்திக்கு வருவதில்லை. முதல் தேக்கத்தில் சில நாள், அங்கிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து இன்னும் ஆழம் குறைந்ததற்கு என்று ஒவ்வொன்றாக நகர்த்துகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க மிச்சம் கனத்துக்கொண்டே வருகிறது. அந்தக் கனத்தை அளக்க அவன் சட்டைப்பைக்குள் ஒரு கண்ணாடி மிதவை வைத்திருந்தான். பாமே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1768-இல் வகுத்த அளவு. கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பேரும் கையில் பிடித்த அதே அடர்த்திமானி. இங்கே எல்லோரும் அதை "டிகிரி" என்றுதான் சொல்கிறார்கள். "டிகிரி என்ன?" என்று கேட்டால் அது உப்பளத்தில் நலம் விசாரிப்பு.

கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி. பதிமூன்று, பதினைந்து வரும்போது ஜிப்சம் அடியில் படியத் தொடங்கும். அது தேக்கத்திலேயே தங்கிவிட வேண்டும், பாத்திக்கு வரக் கூடாது. இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு. அந்த நிலைக்கு வருவதற்குள் 100 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 10 லிட்டராக வற்றியிருக்கும். முப்பதை நெருங்க விட்டால் மக்னீசியம் சேர்ந்து கசப்பு ஏறும், உப்பும் ஈரம் விடாமல் கசியும். அதற்கு முன்னால் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அதாவது இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் அவன் பிழைப்பு முழுவதும் நடக்கிறது.

ஒரு பாத்தி ஓரம் குந்தி உட்கார்ந்தான். விரலை முக்கி நாக்கில் வைத்தான். "இருபத்தி நாலு இருக்கும்." பிறகு ஒரு குவளையில் தண்ணீரை மொண்டு மிதவையை விட்டான். டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். இருபத்தி நாலுக்குக் கடுகளவு கீழே நின்றது. அவன் அப்பா மிதவையே வைத்துக்கொண்டதில்லையாம். தண்ணீரின் நிறத்தையும் அது காலில் ஒட்டுகிற விதத்தையும் வைத்தே சொல்லிவிடுவாராம்.

பக்கத்துப் பாத்தியில் பாலில் ஏடு கட்டுகிற மாதிரி உப்பு மேலாக மிதந்தது. அதை உள்ளங்கையால் மெதுவாகக் கலைத்துவிட்டான். "இதைக் கலைச்சு விடலைன்னா கீழ இருக்கற தண்ணி காயாது மாப்ள." விரல் நுனியில் ஒட்டிக்கொண்ட ஒரு கல்லை என்னிடம் நீட்டினான். மிளகளவுகூட இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நான்கு பக்கமும் படிபடியாக உள்ளே இறங்குகிற ஒரு சதுரக் குழி. தண்ணீர் மேல் மிதந்தபடியே வளர்கிற கல் தன் பாரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். அப்போது விளிம்பில் மட்டும் புது உப்பு சேரும். அதனால் வருகிற வடிவம். பாடப் புத்தகத்தில் சோடியம் குளோரைடு கனசதுரம் என்று படம் போட்டிருந்தார்கள். இந்தக் குழிக்கல்லை எந்த வகுப்பிலும் யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

நான்கு மணிக்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆண்கள் நீளக் கழியில் பலகை பொருத்தி உப்பை வாரி வரப்போரம் ஒதுக்க, பெண்கள் அன்னக்கூடையில் அள்ளித் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து மேட்டில் கொட்டினார்கள். கூடையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நெற்றி வழியாக இறங்கிக் கண்ணில் விழாமல் இருக்க, சும்மாட்டுத் துணியை முன்பக்கம் கொஞ்சம் மடித்துவிட்டிருந்தார்கள். ஒரு அக்கா வரப்பில் உட்கார்ந்து ரப்பர் செருப்பைக் கழற்றியபோது பாதத்தைப் பார்த்தேன். குதிகால் வெடிப்புக்குள் உப்பு வெள்ளையாக நின்றது. "எரியாதாக்கா?" என்றேன். "எரியற காலம் போச்சு தம்பி. கண்ணுதான் பயமா இருக்கு. எட்டு மணிக்கு மேல வெள்ளையப் பாக்க முடியாது, கூசும்" என்றார்.

ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதுதான் உப்பளத்துப் பழைய நடைமுறை. வாருவதும் கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்கும் வரப்பில் நடப்பது குறைந்த வேலை என்று எந்தத் தராசு சொல்லும்? நண்பனிடம் கேட்டேவிட்டேன். வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டு வருகிறேன், இன்னும் சமமாகவில்லை என்றான். சமமாக்க வேண்டும் என்றேன். "ஆக்கணும்டா" என்றான். இதில் அவனை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன், விட்டுவிடவும் மாட்டேன். அடுத்த முறையும் கேட்பேன்.

மழை மாசங்களில் இவர்கள் யாருக்கும் வேலை இல்லை. அந்தக் காலத்துக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. 2022-இல் தொடங்கியது. நல்ல காரியம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாசத்துக்கு அது எத்தனை நாள் வரும் என்று அந்த அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஏழு மணி இருக்கும். பக்கத்து அளத்துக்காரர், எங்களைவிட ரொம்பப் பெரியவர், பழைய தண்ணீர் பாட்டிலில் எதையோ நிரப்பிக்கொண்டு வரப்பில் வேகமாக வந்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் பாரு. இன்னிக்கே வடிச்சிடறதா, இன்னொரு நாள் தாங்குமா?" நண்பன் பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினான். மிதவையை விட்டான். வானத்தைப் பார்த்தான், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று நின்று கவனித்தான். "வடிச்சிடுங்க பெரிப்பா. தென்னங்காத்து ஏறுது, நாளைக்கு விட்டா கசந்துரும்." பெரியவர் மறுபேச்சுப் பேசவில்லை. பாட்டிலைக்கூட வாங்கிக்கொள்ளாமல் திரும்பி நடந்தார்.

விடுதியில் இவன் வாயே திறக்காதவன். வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் தலை குனிந்து நின்றவன். அந்தப் பையன் இப்படி நாலு சொல்லில் தீர்ப்புச் சொல்வதையும், அதை நம்பி ஒரு பெரியவர் தன் பாத்தியைத் திறந்துவிடப் போவதையும் நான் வரப்பில் நின்று பார்த்தேன். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இதை எந்தக் கல்யாண மண்டபத்தில் பார்த்திருப்பேன்?

கொஞ்ச காலம் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தான். அப்பாவுக்கு முடியாமல் போனதும் வந்தவன், அப்படியே தங்கிவிட்டான். அதைத் தியாகம் போல அவன் சொல்லவில்லை. "அங்க டப்பாவுக்குள்ள அளந்தேன், இங்க வெளியில அளக்கறேன்" என்றான். சலிக்கவில்லையா என்று கேட்டதற்கு ஒரு பாத்தியைக் காட்டினான். அது மட்டும் எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் உப்பு இறக்குமாம். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தானாம். ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை, கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை என்றான்.

அவன் தாத்தா மாட்டுவண்டியில் திண்டிவனம் சந்தைக்கு உப்பு ஏற்றிப் போனவர். வழியில் தங்கி, சமைத்து, உப்புக் கொடுத்து நெல் வாங்கி வருவாராம். சங்கப் பாட்டுகளில் வருகிற உமணர் செய்ததும் இதுதான். சிறுபாணாற்றுப்படை பேசுகிற எயிற்பட்டினம் மரக்காணத்துப் பக்கம்தான் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். இந்தக் கடற்கரையில் நெடுஞ்சாலைப் பயணம் என்பதையே முதலில் செய்தவர்கள் உப்புக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டபோது, எங்கள் கார்ப் பயணத்துக்கு அவன் வாசல் முதல் நிறுத்தமாக அமைந்தது எனக்கு இன்னும் பொருத்தமாகப் பட்டது.

இங்கே விளைவது எல்லாம் நேரே சமையலறைக்கு வருவதில்லை. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 2006 முதல் சட்டம் இருக்கிறது. அதனால் ஒரு பங்கு அயோடின் சேர்க்கும் ஆலைகளுக்குப் போகிறது. மிச்சம் தோல் பதனிடும் இடங்களுக்கும் கருவாட்டுக்கும் ஐஸுக்கும். விலையை இவன் வைப்பதில்லை. நாட்டு உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்தில் விளைகிறது. அங்கே அமோகமாக விளைந்தால் இங்கே மூட்டை விலை இறங்கும்.

விலையைவிடப் பெரிய கவலை மழை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. மரக்காணத்தில் பாத்தி எது, கால்வாய் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். மேட்டில் விற்காமல் மூடி வைத்திருந்த உப்பும் கரைந்தது. அது பருவ மழை, எதிர்பார்க்கலாம். சித்திரையில் திடீரென்று ஒரு கோடை மழை வந்தால்தான் தாங்காது. அரை மணி நேரத்தில் ஒரு மாச வேலை கரைந்து, டிகிரி திரும்பப் பத்துக்கு இறங்கிவிடும். அவன் மச்சினனுக்குப் பிரம்மதேசம் பக்கம் தர்பூசணித் தோட்டம். இரண்டு பேருமே கோடை மழைக்குப் பயப்படுகிறவர்கள் என்பதால் வீட்டில் சண்டை இல்லை என்று நண்பனின் மனைவி சொன்னார்.

கிளம்புவதற்கு முன்னால் கழுவெளிப் பக்கம் கூட்டிப் போனான். 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்த சதுப்பு நிலம். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நெடுங்கால் உள்ளான்கள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. தூரத்தில் ஒரு கூட்டம் பூநாரை. நான் கேமராவை எடுத்தேன். அவன் அந்தப் பக்கம் தண்ணீர் மட்டம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான்.

காரில் ஏறும்போது ஒரு வேலை கொடுத்தான். "வேதாரண்யம் போறல்ல? அங்க பாத்தியில இறங்கிப் பாரு. என்ன டிகிரியில வாரறாங்கன்னு கேட்டு எனக்குப் போன் பண்ணு."

வேதாரண்யத்துக்குப் போகிறவர்கள் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூணைப் பார்ப்பார்கள். 1930-இல் திருச்சியிலிருந்து நடந்து வந்து ராஜாஜி உப்பள்ளிய ஊர். நாங்களும் பார்த்தோம். பிறகு சாலையிலிருந்து இறங்கி, பாத்தி ஓரம் நின்ற ஒருவரிடம் போய் டிகிரி கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உப்புக்கார ஊரா என்று விசாரித்தார். நண்பன் மரக்காணம் என்றதும் முகம் மலர்ந்து, பாத்தி பாத்தியாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

அங்கிருந்தே போன் போட்டேன். எங்கள் போன் பேச்செல்லாம் வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். எடுத்தவுடன் அவன் என் பயணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "தண்ணி கடல்லேர்ந்தா, போர்லேர்ந்தா? மண்ணு கறுப்பா இருக்கா? பாத்தி எவ்ளோ நீளம், நடந்து பாத்தியா? வாரி எத்தனை நாள் ஆச்சாம்?" கேட்டுக்கொண்டே போனான். எனக்குத் தெரியாததையெல்லாம் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். ஒரு கட்டத்தில் போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். இரண்டு பேரும் வெயிலில் வெகுநேரம் பேசினார்கள். மனைவி காரிலிருந்து மோரை எடுத்துக்கொண்டு வந்தாள்.